தொண்டிக்கு இரண்டு ஆப்பு

திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி, உள்ளேயிருந்து இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு முனை தடிப்பு, மறு முனை மெலிவு, நடுவில் ஒரு துளை. இது என்ன என்று கேட்டார். ஆப்பு என்றேன். யாருக்கு என்றார். தொண்டியில் இருக்கும் ஓர் அண்ணனுக்கு என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கு உறைத்தது. அதிகாரி சிரிக்கவில்லை. இன்னோர் அதிகாரியைக் கூப்பிட்டார்.

ஜீப்பின் முன் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இதை வைத்தால் அச்சு கொஞ்சம் சாயும், ஸ்டீயரிங் அலைவது நிற்கும் என்று இரண்டு பேருக்கும் விளக்கினேன். இரண்டாவதாக வந்தவர் தன் மச்சினனின் ஜீப்பும் ரோட்டில் பாம்பு மாதிரி போகிறது என்றார். டயர் எந்தப் பக்கம் தேய்கிறது என்று கேட்டேன். உள் பக்கம் என்று நினைவு என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. மச்சினனிடம் கேட்டுவிட்டு வருவதாக அவர் போனார். முதல் அதிகாரி என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

மலேசியாவில், கிள்ளானில் நானும் என் கணவரும் டயர் கடை வைத்திருக்கிறோம். டயர் மாற்றுவது அவர் வேலை, வீல் அலைன்மென்ட் என் வேலை. பக்கத்துக் கடை ஜமால் அண்ணனுடைய சாப்பாட்டுக் கடை. இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் டீயும் ரொட்டி சானாயும் அங்கேதான். கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டுச் சொந்த ஊரான தொண்டிக்குத் திரும்பியவர், போன கையோடு ஒரு பழைய ஜீப் வாங்கினார். ஆள் உயரத்துக்குத் தூக்கி, காட்டு வேலைக்குப் போடும் பெரிய டயர் மாட்டியது. தொண்டியைச் சுற்றிக் காடு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்றிலிருந்து வீடியோ அழைப்பில் ஜீப் புராணம்தான். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகிறது, பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறது என்பார். டயரைக் காட்டச் சொன்னேன். முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் மொட்டை, வெளி ஓரம் புதிது. அது போதும். கிட்டே ஏதாவது பட்டறையில் விடுங்கள் என்றேன். விடுகிறேன் என்பார். அடுத்த வாரம் கேட்டால் பட்டறைக்காரர் வீட்டில் கல்யாணம். அதற்கடுத்த வாரம் மழை. பிறகு அவர் மனைவி ரஹீமா அக்கா எனக்குத் தனியாக அழைத்தார். நீ ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போ, இவர் யார் பேச்சும் கேட்கிறதில்லை என்றார். எனக்கு ராமேஸ்வரம் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஜீப்பை நான் சரி பண்ணுவது, சரியான ஜீப்பில் அண்ணன் என்னை ராமேஸ்வரம் கூட்டிப்போவது என்று ஒப்பந்தம் ஆயிற்று. கணவர் கடையைப் பார்த்துக்கொண்டார்.

தொண்டி பஸ் திருவாடானையில் டீக்கு நின்றது. நான் இறங்கி, பழக்கத்தில் பஸ்ஸின் முன் டயரைப் பார்த்தேன். ஓரம் நூல் தெரியத் தேய்ந்திருந்ததை டிரைவரிடம் சொன்னேன். அது எப்பவும் அப்படித்தாம்மா ஓடுது என்று அவர் சொல்லிவிட்டு வடையைத் தின்றார். தொண்டிக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் அந்த டயர் காற்று இறங்கி, பஸ் ஓரம் கட்டியது. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. இந்தம்மா அப்பவே சொன்னுச்சு என்று பின் சீட்டில் ஒருவர் எல்லோருக்கும் அறிவித்தார். பக்கத்தில் இருந்த பெண்மணி, தன் மகனுக்குத் துபாய் விசா எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார்.

ஜமால் அண்ணன் பஸ் நின்ற இடத்துக்கே ஜீப்பில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருந்தார். ரஹீமாவுக்காக வாங்கியது, ஆனால் அவள் ஏறுவதில்லை என்றார். வண்டி கிளம்பியதும் காரணம் புரிந்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்கு இடது பக்கம் போனது. திருப்பினால் வலது பக்கம் போய், அங்கேயே கொஞ்சம் இருக்கலாமா என்று யோசித்தது. ஓர் ஆட்டு மந்தை எங்களுக்கு முழு ரோட்டையும் விட்டுக்கொடுத்தது. ரோடு சரியில்ல தங்கச்சி என்றார் அண்ணன். ரோடு எங்கள் ஊர் ரோட்டைவிட நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன். "அப்ப காத்து," என்றார்.

மறுநாள் காலை ரஹீமா அக்கா பசியாறக் கூப்பிட்டார். காலைச் சாப்பாட்டுக்கு இந்தச் சொல்லைக் கிள்ளானில்தான் கேட்டிருக்கிறேன், இங்கேயும் அதேதான். இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா. அண்ணன் கடையில் நாங்கள் தின்ற பாயா இதன் நகல் என்று அன்றுதான் தெரிந்தது. நகலையே இத்தனை வருடம் புகழ்ந்திருக்கிறோம். அண்ணன் வலது கையால் சாப்பிட்டார், அதில் விசேஷம் இல்லை. டீயையும் வலது கையால் எடுத்தார். கை கழுவிவிட்டு வந்து எடுத்தார். இடது கை மடியில் இருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டுக்கு முன்னால் ஜீப்பை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்றது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனைகள் தேய்ந்திருந்தன. ஒரு நூலைக் கட்டிப் பார்த்ததில், முன் சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. உள் ஓரம் மொட்டையானது அதனால். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. வண்டியைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று முன் ஸ்பிரிங்கின் முனையில் யாரோ நீளமான இணைப்புத் தகடு மாட்டியிருந்தார்கள். அதனால் அச்சின் தலை முன்னால் கவிழ்ந்துவிட்டது. அச்சின் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால்தான் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும். அந்தச் சாய்மானத்துக்குத்தான் ஆப்பு. எங்கள் ஊரில் செம்பனைத் தோட்டத்து வண்டிகளுக்கு மாதம் ஒரு தரமாவது இதைச் செய்வேன்.

தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். மீன் கூடையோடு போன ஓர் அம்மா, மலேசியாவில் பெண்கள்தான் வண்டி பழுது பார்ப்பதா என்று ரஹீமா அக்காவைக் கேட்டார். இவ ஒருத்திதான் என்று அக்கா சொன்னார். அதைப் பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

திருவாடானையில் செல்வம் என்பவரின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். டிராக்டர்தான் அதிகம், ஜீப்பும் பார்ப்பார். எங்களைக் கண்டதும் அவர் எழுந்திருக்கவில்லை, டீ சொல்லி அனுப்பினார். பாய் வருவாரு, டீ குடிப்பாரு, வண்டிய விடாமப் போயிருவாரு, இன்னைக்கும் அப்படித்தானே என்று கேட்டார். உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்ததா என்று நான் கேட்டேன். தன் வீட்டில் கல்யாண வயதில் யாருமே இல்லை என்றார் செல்வம். ஜமால் அண்ணன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை தொடங்கியதும் என் பங்குக்கு ஒரு சிக்கல் வந்தது. ஆப்பு ஸ்பிரிங்கைவிட அகலமாக இருந்தது. அகலத்தை அளந்து சொன்னது அண்ணன். எதை வைத்து அளந்தார் என்று கேட்டதற்கு வலது கை விரல்களைக் காட்டினார். பக்கத்தில் இருந்த லேத் பட்டறையில் ஓரத்தைக் கடைந்து தருவார்கள். கொடுத்தோம். கரண்ட் போனது. லேத்துக்காரர் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

அப்போதுதான் அண்ணன் கிளம்பலாம் என்றார். இன்று வேண்டாம், கம்பி முனை மட்டும் மாற்றினால் போதும், ஆப்பெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடையை விட்டு, கணவரை விட்டு, பெட்டியில் இரும்பைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்தவளிடம் இன்னொரு நாள் என்றால் எப்படி என்று கேட்டேன். செல்வம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணன் மலாய்க்கு மாறினார். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாததை நாங்கள் மலாயில் பேசிக்கொள்வது கிள்ளானில் ஏற்பட்ட பழக்கம். அங்கே எல்லோருக்கும் மலாய் தெரியும் என்பதால் அது எந்த ரகசியத்தையும் காத்ததில்லை. திருவாடானையில் காத்தது.

அவர் சொன்னது இது. "வண்டி சரியானால் எனக்குப் பயம். என் இடது கை சொன்னபடி கேட்பதில்லை. கோணலாகப் போவது வண்டியா நானா என்று இதுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வசதி."

அவர் மேலே சொன்னார். சட்டைப் பொத்தான் போட முடிவதில்லை. சாவி விழுந்துவிடுகிறது. அவருடைய அத்தாவுக்கும், அதாவது தகப்பனாருக்கும், கையில்தான் தொடங்கியதாம். பிறகு நடை போனது. கடைசி வருடங்களில் சோற்றைப் பிறர் ஊட்ட வேண்டியிருந்தது. ஊட்டியவர் இவர்தான், அப்போது இவருக்குப் பதினாறு வயது. ராமநாதபுரத்தில் நரம்பு டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும் ஒரு தரம் போய், செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். ரஹீமா அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

கிள்ளானில் கடைசி வருடம் அவர் டீ ஆற்றுவதை நிறுத்தியது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு கை உயரத்திலிருந்து சொட்டு சிந்தாமல் ஆற்றுகிறவர் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளி ஆகிவிட்டார் என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டோம். கொஞ்சம் கேலியாகவே பேசிக்கொண்டோம்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். கழற்றி வைத்திருந்த டயரைக் காட்டி, கை தவறுவதால் டயர் இப்படி உள் ஓரம் மட்டும் தேயாது, இது வண்டியின் கோளாறுதான் என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் வண்டி கெட்டிருப்பதால் கை நன்றாக இருக்கிறது என்று ஆகாது என்பதையும் சொன்னேன். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். கடையில் ஒரு வண்டிக்கு இரண்டு கோளாறு இருந்தால் ஒன்றைச் சரி செய்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம், மற்றது தானாகத் தெரியும். அவர் நெடுநேரம் டயரையே பார்த்தார். பிறகு தமிழில் செல்வத்திடம், "மாட்டுப்பா," என்றார்.

கரண்ட் வந்தது. லேத்துக்காரர் எழுந்து முகம் கழுவி, ஆப்பைக் கடைந்து கொடுத்தார். தடித்த முனையைப் பின்பக்கம் வையுங்கள் என்று செல்வத்திடம் சொன்னேன். பின்பக்கமா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். நீங்க சொன்னாச் சரி என்று மாட்டினார். கம்பி முனைகளை மாற்றினோம். சக்கரங்களை நேர்படுத்தினோம். பின் டயர்களை முன்னுக்கும் முன் டயர்களைப் பின்னுக்கும் போட்டோம். கல் மாதிரி அடித்திருந்த காற்றைக் குறைத்தோம். நான் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.

வண்டி முன்பைவிட மோசமாக இருந்தது. முன்பு அலைந்தது, இப்போது பாய்ந்தது. ஒரு வைக்கோல் வண்டிக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வந்து கீழே படுத்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் தூக்கிவிட்ட வண்டிகளில் ஸ்பிரிங், அச்சுக்கு மேலே போகும். இந்த ஜீப்பில் கீழே போகிறது. மேலும் கீழும் மாறினால் ஆப்பின் முன்னும் பின்னும் மாற வேண்டும். சாய்மானத்தைக் கூட்டுவதற்குப் பதில் இருந்ததையும் பிடுங்கிவிட்டேன். முப்பது வருடம் இந்த வேலை செய்கிறேன்.

செல்வத்திடம் சொன்னேன். அவர், எனக்கும் லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு, ஆனா வெளிநாட்டுல இருந்து வந்திருக்கீக, புது மொறையா இருக்கும்னு விட்டுட்டேன் என்றார். மாட்டும்போதே தன் பையனைக் கேட்டுப்பார்த்தாராம், தடித்த முனை பின்பக்கம்தான் என்று இணையத்திலும் இருப்பதாக அவனும் சொன்னானாம். எல்லோருமாகச் சேர்ந்துதான் தப்பு செய்திருக்கிறோம் என்பதில் எனக்குச் சற்று நிம்மதி. கழற்றித் திருப்பி மாட்டினோம். ஜமால் அண்ணன் அன்றைக்கு முதல் தரமாகச் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

இரண்டாவது தரம் ஓட்டியபோது ஜீப் நேராகப் போனது. வளைவில் திருப்பிப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வந்தது. நல்ல வண்டியில் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அன்று தொண்டி வரைக்கும் நான்தான் ஓட்டினேன். அண்ணன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

மறுநாள் ராமேஸ்வரம். சாவியை அண்ணனே எடுத்துக்கொண்டார். ரஹீமா அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். ஜீப் வாங்கியதிலிருந்து அவர் ஏறுவது அன்றுதான் முதல் முறை. உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டே வந்தார். உப்பூரில் பிள்ளையார் கோயிலில் நிறுத்தி நான் கும்பிட்டேன். பிறகு தேவிபட்டினம். அங்கே டீக்கடையில் இரண்டு பேர் சத்தமாகச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். நெத்திலி விலையைப் பற்றி ஒத்த கருத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தார்களாம், அக்கா சொன்னார். கடற்கரைப் பேச்சு அப்படித்தான் என்றார். அதுவரை வண்டி நன்றாகத்தான் போனது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா என்பது இருந்தது.

ராமநாதபுரம் தாண்டி வெகுதூரம் நேர் ரோடு. உச்சிப்புளிக்குப் பிறகு ஜீப் மெல்ல இடது பக்கம் சாய ஆரம்பித்தது. அவர் வலது கையால் இழுத்து நேராக்கினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி இடது பக்கம். டயர் ஓரத்து மண்ணைத் தொட்டுக் கரகரவென்றது. நான் முன்னால் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஸ்டீயரிங்கில் அவர் இடது கை இருந்தது. பிடித்திருக்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கனம்தான் வண்டியை இழுத்தது. மூன்றாம் தரம் ஓரத்துக்குப் போனபோது பின்னால் துஆ நின்றது.

"ஓரமாப் போகுதுங்க," என்றார் ரஹீமா அக்கா.

காத்து என்று அண்ணன் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வாயும் அதற்குத்தான் திறந்தது. ரோட்டோரம் பனைகள் வரிசையாக நின்றன. ஒரு மட்டைகூட ஆடவில்லை. அவரும் அதைப் பார்த்தார்.

மண்டபம் ஊர் வருவதற்கு முன்னால் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். பிறகு சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"காத்து இல்ல தங்கச்சி," என்றார். இந்த முறை மலாயில் சொல்லவில்லை.

அவர் இறங்கிச் சுற்றி வந்தார். ரஹீமா அக்காவும் இறங்கினார். அக்காவுக்குத் தெரியாது என்று அண்ணன் நினைத்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பொத்தான் வைத்த சட்டைகள் பீரோவிலேயே மடித்தபடி கிடப்பதை யார் பார்ப்பார்கள், துவைக்கிறவள்தானே பார்க்க வேண்டும் என்று அவர் ரோட்டோரத்தில் நின்று என்னிடம் சொன்னார். என்னிடம் சொல்வதாகத்தான் சொன்னார், ஆனால் சத்தமாகச் சொன்னார். நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன் என்று கடைசியில் அவரிடமே திரும்பிச் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்து செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பாம்பன் பாலத்தை நான் ஓட்டிக் கடந்தேன். பாலத்தின்மேல் நிஜமாகவே காற்று இருந்தது, லாரிகளின் தார்ப்பாய்கள் படபடவென்று அடித்தன. ஜீப் அசையவில்லை. வேறு நாளாக இருந்தால் நான் அதைப் பற்றிப் பேசியிருப்பேன். பாலத்தின் நடுவில் ஜனங்கள் வண்டிகளை நிறுத்தி, கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பினாங்குப் பாலத்தில் நிறுத்தினால் போலீஸ் வரும். இங்கே மாங்காய் விற்பவர் வந்தார்.

ராமேஸ்வரத்தில் கோயிலுக்குள் கிணறு கிணறாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றுகிறவர் என் தலையைப் பார்க்காமல், பக்கத்துக் கிணற்றில் நின்ற ஆளிடம் தன் பைக்கின் மைலேஜைப் பற்றிப் பேசிக்கொண்டே ஊற்றினார். ஆனால் ஒரு வாளியும் தவறவில்லை. ஒவ்வொரு கிணற்றிலும் நான் வேண்டிக்கொள்ள நினைத்த பட்டியலை மறந்துவிட்டு ஒரே விஷயத்தை வேண்டினேன். நனைந்த புடவையோடு வெளியே வந்தபோது, கடற்கரைப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் ஒரு சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். ரஹீமா அக்கா எனக்காகப் புளிச்சோறு கட்டி வந்திருந்தார். கோயிலுக்குப் போன அன்று மீன் சாப்பிட மாட்டேன் என்பது அவருக்கு யார் சொல்லித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணனே ஆரம்பித்தார். "நாளைக்குப் போற வழியில, ராமநாதபுரத்துல அந்த டாக்டரப் பாத்துட்டுப் போவமா?"

"போவோம்," என்றார் அக்கா. சாப்பாட்டு டப்பாவை மூடியவர், மறுபடி திறந்து, மறுபடி மூடினார்.

இரவு ராமேஸ்வரத்தில் தங்கி, மறுநாள் ராமநாதபுரம் போனோம். டாக்டர் இளவயதுக்காரர். அண்ணனின் விரல்களை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், சுத்தியலால் முழங்கையைத் தட்டினார். ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். படம் வருவதற்காக நாங்கள் காத்திருந்த அறையில் ஒரு தொலைக்காட்சி ஓடியது, அதில் யாரோ நண்டு சமைத்தார்கள். மூன்று பேரும் அதையே பார்த்தோம். எந்த மசாலா போட்டார்கள் என்று கேட்டால் மூன்று பேருக்கும் தெரியாது.

கழுத்தில் எலும்பு தேய்ந்து, கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். உங்கள் தகப்பனாருக்கு வந்த நோய் இது இல்லை என்றார். அண்ணன் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். டாக்டர் இன்னொரு தரம் சொன்னார். கழுத்தைச் சாய்த்து வெகுநாள் ஏதாவது வேலை செய்தீர்களா என்று கேட்டார். டீ ஆத்தினேன் என்றார் அண்ணன். உடற்பயிற்சியும் மருந்தும் பார்ப்போம், தேறாவிட்டால் மதுரையில் ஆபரேஷன், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார்.

"கை பழையபடி வருமா?"

"முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். முன்னாடியே வந்திருக்கலாம்."

வாசலில் அண்ணன் செருப்பைப் போட்டுக்கொள்ள நேரமாயிற்று. அக்கா அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் ரோட்டுக்கு எதிரே ஜூஸ் கடையைக் காட்டினார். போய்ச் சாத்துக்குடி குடித்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு சர்க்கரை போட்ட சாத்துக்குடி நான் குடித்ததில்லை.

தொண்டிக்குத் திரும்பும்போது அவர்கள் இரண்டு பேரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். அண்ணன் முன் சீட்டில் பாதி திரும்பி உட்கார்ந்து பேசினார், கழுத்துக்கு அது ஆகாது என்று அக்கா சொன்னார். ஜீப்பை விற்றுவிடலாம் என்றார் அண்ணன். எதுக்கு விக்கணும், நான் படிச்சுக்கிறேன் என்றார் அக்கா. எதைப் படிக்கப்போகிறார் என்று அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் ஸ்டீயரிங்கை ஒரு தரம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உப்பூர் தாண்டியது. வெயில் இறங்கியிருந்தது. ரோட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. வண்டி எப்படிப் போகிறது என்று அண்ணன் கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். இழுக்கிறதா என்றார். இல்லை என்றேன். கொஞ்சங்கூடவா என்றார்.

வாயால் சொல்லி ஆகப்போவதில்லை என்று ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஜீப் ரோட்டின் நடுக்கோட்டுக்கு இணையாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகாமல், தன்பாட்டில் போய்க்கொண்டேயிருந்தது. ஜமால் அண்ணன் ரோட்டைப் பார்த்தார், காலியான ஸ்டீயரிங்கைப் பார்த்தார், மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

"கைய வைம்மா," என்றார் பின்னாலிருந்து ரஹீமா அக்கா.

வைத்தேன்.